நட்சத்திரம் பிறக்க நிழல் வேண்டும்

மார்கழி மாதத்தில் இரவு எட்டு, ஒன்பது மணிக்கு மொட்டை மாடியில் நின்று கிழக்கே பாருங்கள். ஒரே வரிசையில் மூன்று நட்சத்திரங்கள் தெரியும். அவற்றுக்கு இடப்பக்கம் செக்கச் சிவந்து மினுங்குவது திருவாதிரை. வலப்பக்கம் சற்றுத் தள்ளி, மங்கலாகச் சில சின்ன நட்சத்திரங்கள் ஒட்டினாற்போல் இருக்கும். அவற்றில் நடுவில் உள்ளதை மட்டும் உற்றுப் பாருங்கள். அது புள்ளியாக இருக்காது. பஞ்சைப் பிய்த்து ஒட்டியதுபோல் கலங்கித் தெரியும். சாதாரண பைனாகுலர் இருந்தால் இன்னும் நன்றாகத் தெரியும்.

அதுதான் ஓரியன் நெபுலா, அதாவது ஒளிரும் ஒரு வாயு மேகம். சுமார் 1,340 ஒளியாண்டு தூரம். பெரிய நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கும் இடங்களில் நமக்கு மிக அருகில் இருப்பது இதுதான். ஆனால் நம் கண்ணுக்குத் தெரியும் அந்த வெளிச்சம், நட்சத்திரங்களைப் பெற்றெடுத்த வாயு அல்ல. புதிதாகப் பிறந்த சூடான நட்சத்திரங்கள் தங்கள் புற ஊதாக் கதிரால் எரித்துவிட்ட மேல்தோல் அது. அதன் வெப்பம் சுமார் 10,000 டிகிரி. உண்மையான கருவறை அதற்குப் பின்னால் இருக்கும் இருண்ட மேகம். அந்த மேகத்தின் வெப்பம் மைனஸ் 250 டிகிரிக்கும் கீழே.

ஒரே இடத்தில், ஒரே ஹைட்ரஜன், இரண்டு வேறு நிலைகளில். ஒன்றில் நட்சத்திரம் பிறக்கிறது, மற்றொன்றில் பிறக்காது. நம் பால்வீதி போன்ற ஒரு சுருள் கேலக்ஸியில் எங்கே நட்சத்திரம் பிறக்கும், எங்கே பிறக்காது என்ற கேள்வியின் பெரும்பகுதி இந்த வேறுபாட்டுக்குள் இருக்கிறது. 'வாயு நிறைய இருந்தால் நட்சத்திரமும் நிறையப் பிறக்கும்' என்றுதான் முதலில் எல்லோரும் நினைப்போம். அது பாதி உண்மைதான். நம் பால்வீதியில் பல நூறு கோடிச் சூரியன்களுக்கு ஈடான வாயு இருக்கிறது. ஆனாலும் ஆண்டுக்குச் சுமார் இரண்டு சூரியன் எடையளவு வாயுதான் நட்சத்திரமாக மாறுகிறது. மீதி வாயு ஏன் சும்மா இருக்கிறது?

அதைப் புரிந்துகொள்ள, அந்த வாயுவில் என்னென்ன இருக்கிறது என்று முதலில் பார்ப்போம். சூரியனைச் சுற்றியுள்ள பகுதியிலிருந்து 10,000 ஹைட்ரஜன் அணுக்களை எண்ணி எடுத்தால், கூடவே ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான ஹீலியம் அணுக்கள் வரும். ஆக்சிஜன் அணுக்கள் ஐந்து. கார்பன் மூன்று. நைட்ரஜன், இரும்பு, சிலிக்கான் எல்லாம் அதைவிடக் குறைவு. ஹைட்ரஜனும் பெரும்பாலான ஹீலியமும் பிரபஞ்சம் தோன்றிய முதல் சில நிமிடங்களின் மிச்சம். மற்ற தனிமங்களில் ஏறக்குறைய எல்லாமே நட்சத்திரங்களின் வயிற்றில் சமைந்து, அவை இறக்கும்போது வெளியே கொட்டியவை. வானியலாளர்கள் ஹீலியத்துக்கு மேலே உள்ள எல்லாவற்றையும் 'உலோகம்' என்றே சொல்வார்கள். ஆக்சிஜனும் அவர்களுக்கு உலோகம்தான். வேதியியல் படித்தவர்களுக்கு இது உறுத்தும். ஆனாலும் அந்தத் துறையில் எல்லோரும் பேசும் வழக்கு அதுதான் என்பதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

பத்தாயிரத்துக்கு எட்டு. இந்த எட்டு அணுக்களால் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். உண்மையில் இந்த விஷயம் முழுக்க அந்த எட்டின் மேல்தான் நிற்கிறது.

வாயு மேகம் ஒன்று தன் எடையாலேயே உள்நோக்கிச் சரிந்தால்தான் நட்சத்திரம் உருவாகும். ஈர்ப்பு உள்ளே இழுக்கிறது; வாயுவின் வெப்பம் தரும் அழுத்தம் வெளியே தள்ளுகிறது. யார் கை ஓங்குகிறது என்பது வாயு எவ்வளவு குளிர்ந்திருக்கிறது, எவ்வளவு அடர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஜேம்ஸ் ஜீன்ஸ் என்ற ஆங்கிலேய இயற்பியலாளர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைக் கணக்காகப் போட்டார். ஒரு கன சென்டிமீட்டரில் அரை அணுதான் என்ற அளவுக்கு நீர்த்த, 8,000 டிகிரி வாயு தானாகச் சரிய வேண்டுமானால், கோடிக்கணக்கான சூரியன் எடை ஒரே இடத்தில் திரள வேண்டும். அதே வாயு கெல்வின் அளவில் (மைனஸ் 273 டிகிரியைச் சுழியமாக வைத்து எண்ணுவது) 100 டிகிரிக்குக் குளிர்ந்து, கன சென்டிமீட்டருக்குச் சில பத்து அணுக்கள் என்று நெருங்கினால், ஆயிரக்கணக்கான சூரியன் எடை போதும். 10 கெல்வினுக்குக் குளிர்ந்து பத்தாயிரம் துகள்கள் என்று அடர்ந்துவிட்டால், வெறும் சில சூரியன் எடையே தனியாகச் சரிந்துவிடும். அதாவது, அந்த அளவுக்குக் குளிர்ந்தால்தான் மேகம் நட்சத்திர அளவுத் துண்டுகளாக உடைய முடியும்.

எனவே நட்சத்திரம் பிறப்பது என்பது முதலில் குளிர்வதைப் பற்றிய கதை. குளிர்வதற்கு வாயு தன் வெப்பத்தை எங்காவது கொட்ட வேண்டும். விண்வெளியில் அதற்கு ஒரே வழி ஒளி. இரண்டு துகள்கள் மோதுகின்றன. மோதிய வேகத்தில் ஒன்றின் எலெக்ட்ரான் ஒரு படி மேலே ஏறுகிறது. பிறகு கீழே இறங்கும்போது ஓர் ஒளித்துகளை வெளிவிடுகிறது. அந்த ஒளி மேகத்தை விட்டு ஓடிவிடுகிறது. மோதலின் ஆற்றல் ஒளியாகப் போய்விட்டதால் வாயு கொஞ்சம் குளிர்கிறது.

இங்கேதான் ஹைட்ரஜன் கையை விரிக்கிறது. ஹைட்ரஜன் அணுவின் முதல் படி ஆளுயர மதில். அதில் எலெக்ட்ரானை ஏற்ற வேண்டுமானால் ஆயிரக்கணக்கான டிகிரி வெப்பத்தில் மோதல் நடக்க வேண்டும். நூறு டிகிரி கெல்வினில் அசையும் அணுக்களால் அது நடக்காத காரியம். இரண்டு அணுக்கள் சேர்ந்த ஹைட்ரஜன் மூலக்கூறும் அவ்வளவாக உதவாது. அதைச் சுழல வைத்து ஒளிவிடச் செய்யும் முதல் படியே சுமார் 510 கெல்வின் உயரம். ஹீலியம் இன்னும் மோசம். ஆக, மேகத்தின் எடையில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்காக இருக்கும் இந்த இரண்டும் குளிர்விக்கும் வேலைக்கு ஆகாது.

கார்பனுக்கோ அந்த முதல் படி வாசற்படி உயரம்தான். ஓர் எலெக்ட்ரானை இழந்த கார்பன் அயனிக்கு 91 கெல்வின் அளவு ஆற்றல் கிடைத்தாலே போதும். அது ஏறி இறங்கி, 158 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் அகச்சிவப்பு ஒளியை வெளிவிடும். மேகம் இன்னும் குளிர்ந்தால் கார்பனும் ஆக்சிஜனும் கைகோத்துக் கார்பன் மோனாக்சைடாகி, அதைவிடச் சின்னச் சின்னப் படிகளில் வெப்பத்தை வெளியே கடத்தும். பத்தாயிரம் பேர் கூடிய மண்டபத்தில் கதவு திறக்கத் தெரிந்தவர்கள் எட்டுப் பேர் மட்டுமே என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்று வருவது அவர்களால்தான்.

அடுத்து, தூசு. மேகத்தின் எடையில் சுமார் நூற்றில் ஒரு பங்கு தூசு. நம் வீட்டுத் தூசியைவிட மிகவும் நுண்ணியது. ஊதுவத்திப் புகைத்துகள் அளவு என்று சொல்லலாம். சிலிக்கேட்டும் கார்பனும்தான் பெரும்பாலும். இதுவும் இறந்த நட்சத்திரங்கள் விட்டுச்சென்றதே. தூசு இரண்டு வேலைகள் செய்கிறது. முதலாவது, நிழல் தருவது. சுற்றியுள்ள நட்சத்திரங்களின் புற ஊதாக் கதிர் மேகத்துக்குள் புகுந்தால் வாயு சூடாகும், மூலக்கூறுகள் உடையும். தூசு அந்தக் கதிரைத் தடுத்துவிடுகிறது. இரண்டாவது, திருமண மேடையாக இருப்பது. வெட்டவெளியில் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் நேருக்கு நேர் மோதினால் சேர முடியாது. சேரும்போது எழும் ஆற்றலைக் கொட்ட இடமில்லாததால் மறுபடி பிரிந்துவிடும். தூசுத் துகளின் மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு, இன்னொன்று வந்து சேர்ந்தால், மிஞ்சும் ஆற்றலைத் தூசு வாங்கிக்கொள்ளும். ஹைட்ரஜன் மூலக்கூறாகிப் பறந்துபோகும்.

இந்த நிழலைக் கண்ணால் பார்க்க விரும்பினால் பர்னார்ட் 68 என்ற மேகத்தின் படத்தைத் தேடிப் பாருங்கள். ஒஃபியூக்கஸ் விண்மீன் கூட்டத்தில், சுமார் 500 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. நெருக்கமான நட்சத்திர வயலின் நடுவே மைக்கறை சிந்தினாற்போல் ஒரு கருப்பு. உள்ளே ஒரு நட்சத்திரம்கூடத் தெரியாது. எட்வர்ட் பர்னார்ட் 1919-இல் இதுபோன்ற கருமேகங்களைப் பட்டியலிட்டார். அதற்கு முன்பு இவை வானத்தில் உள்ள ஓட்டைகளா, மறைக்கும் மேகங்களா என்றே நீண்ட காலம் விவாதம் நடந்தது. 2001-இல் ஜோவோ ஆல்வெஸ், சார்லஸ் லாடா, எலிசபெத் லாடா மூவரும் இந்த மேகத்தை அகச்சிவப்பு ஒளியில் ஆராய்ந்தார்கள். அந்த ஒளி தூசை ஊடுருவும். எனவே பின்னாலிருக்கும் நட்சத்திரங்கள் மேகத்தின் வழியாகவே தெரிந்தன. ஒவ்வொன்றும் எவ்வளவு சிவந்திருக்கிறது என்று அளந்து, மேகத்தின் எந்தப் பகுதியில் எவ்வளவு தூசு என்று கணக்கிட்டார்கள். குறுக்களவு அரை ஒளியாண்டு, எடை சுமார் இரண்டு சூரியன். ஈர்ப்பும் அழுத்தமும் ஏறக்குறைய சமமாக நிற்கும் ஓர் உருண்டை. இன்னும் நட்சத்திரமாகவில்லை, ஆனால் விளிம்பில் நிற்கிறது. வானியலில் நான் பார்த்த படங்களிலேயே என்னை மிகவும் அசைத்தது இந்தக் கருப்புதான். ஒளியே இல்லாத ஓர் இடத்தைப் பார்த்து, இங்கே ஒரு சூரியன் வரக்கூடும் என்று சொல்ல முடிகிறதே!

இப்போது நம் அருகிலிருந்து விலகி, முழுக் கேலக்ஸிகளைப் பார்ப்போம். அங்கே வாயுவைப் பார்ப்பதே ஒரு பெரிய சிக்கல், ஏனென்றால் குளிர்ந்த ஹைட்ரஜன் கண்ணுக்குத் தெரியாது. அணு நிலையில் உள்ள ஹைட்ரஜனுக்கு மட்டும் ஒரு சிறிய வழி இருக்கிறது. அதன் எலெக்ட்ரானும் புரோட்டானும் ஒரே திசையில் சுழல்வதிலிருந்து எதிர்த்திசைக்கு மாறும்போது, 21 சென்டிமீட்டர் அலைநீளத்தில் மெல்லிய ரேடியோ அலை வரும். தனி அணு ஒன்று தானாக இப்படி மாறச் சராசரியாக ஒரு கோடி ஆண்டுக்கு மேல் ஆகும். அதனால் குளிர்விக்கும் வேலைக்கு இது உதவாது. ஆனால் கேலக்ஸியில் அணுக்களுக்குப் பஞ்சமில்லாததால், நமக்குக் கேட்கும் அளவுக்குச் சத்தம் சேர்ந்துவிடுகிறது. டச்சு மாணவர் ஹென்ட்ரிக் வான் டி ஹல்ஸ்ட் 1944-இல், நாடு ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் இருந்தபோதே, இந்த அலை வரும் என்று கணித்தார். 1951 மார்ச் 25 அன்று ஹார்வர்டில் ஹரோல்ட் யூவனும் எட்வர்ட் பர்செலும் அதைப் பிடித்தார்கள். ஒட்டுப்பலகையில் செய்து உள்ளே செம்புத்தகடு ஒட்டிய புனல் வடிவ ஆன்டெனா ஒன்றை ஆய்வக ஜன்னல் வழியே வெளியே நீட்டியிருந்தார் யூவன். மழை பெய்தால் அந்தப் புனல் வழியாகத் தண்ணீர் ஆய்வகத்துக்குள் கொட்டும். பனிக்காலத்தில் மாணவர்கள் அதற்குள் பனி உருண்டைகளை எறிந்து விளையாடினார்கள். கேலக்ஸிகளின் அணு ஹைட்ரஜனை நாம் வரைபடமாகப் பார்க்க முடிவது அந்தப் புனலிலிருந்து தொடங்கியது.

மூலக்கூறு ஹைட்ரஜன் இன்னும் பிடிவாதமானது. குளிர்ந்த நிலையில் அது எந்தச் சைகையும் தராது. ஆகவே அதன் கூடவே இருக்கும் கார்பன் மோனாக்சைடைத் தேடுகிறோம். 1970-இல் ராபர்ட் வில்சன், கீத் ஜெஃபர்ட்ஸ், ஆர்னோ பென்சியாஸ் மூவரும் அதன் 2.6 மில்லிமீட்டர் அலையை ஓரியன் நெபுலாவின் திசையில் முதன்முதலாகக் கண்டார்கள். எதிர்பார்த்ததைவிட அது மிகவும் பலமாக இருந்தது. அன்று முதல் இன்றுவரை கேலக்ஸிகளின் மூலக்கூறு வாயுவை அளக்கக் கார்பன் மோனாக்சைடுதான் முதல் கருவி. புகையைப் பார்த்து நெருப்பை அறிவதுபோலத்தான் இது. அதில் நம்மை ஏமாற்றும் ஒரு கண்ணியும் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

வாயு எவ்வளவோ அவ்வளவு நட்சத்திரமா என்ற கேள்வியை முதலில் எண்களில் கேட்டவர் மார்டன் ஷ்மிட். 1959-இல் அவர், வாயுவின் அடர்த்தியோடு நட்சத்திரப் பிறப்பு விகிதம் ஓர் அடுக்கு விதிப்படி கூடுகிறது என்று முன்வைத்தார். 1998-இல் ராபர்ட் கென்னிகட் 61 சாதாரண கேலக்ஸிகளையும், நட்சத்திரங்கள் வெடித்துக் கிளம்புவதுபோல் பிறக்கும் 36 கேலக்ஸிகளையும் ஒன்றாக வைத்து அந்த அடுக்கு 1.4 என்று காட்டினார். வாயு இரண்டு மடங்கானால் நட்சத்திரப் பிறப்பு சுமார் 2.6 மடங்காகிறது என்று பொருள். அணு, மூலக்கூறு இரண்டையும் சேர்த்த கணக்கு அது.

இரண்டையும் பிரித்துப் பார்த்தபோதுதான் முகம் தெளிவானது. 2008-இல் ஃபிராங்க் பீகல், ஆடம் லிராய் குழுவினர் 18 அருகாமைக் கேலக்ஸிகளைச் சிறுசிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் மூன்றை அளந்தார்கள்: அணு ஹைட்ரஜன், மூலக்கூறு ஹைட்ரஜன், புதிதாகப் பிறக்கும் நட்சத்திரம். அணு ஹைட்ரஜனுக்கு ஓர் உச்சவரம்பு இருப்பது தெரிந்தது. ஒரு பக்கம் 3.26 ஒளியாண்டு கொண்ட சதுரத்தில் சுமார் ஒன்பது சூரியன் எடை. அதற்கு மேல் வாயு சேர்ந்தால், சேர்ந்ததெல்லாம் மூலக்கூறாகிவிடுகிறது. அந்தச் சதுரத்தில் எவ்வளவு அணு ஹைட்ரஜன் இருக்கிறது என்பதைக் கொண்டு நட்சத்திரப் பிறப்பை ஊகிக்கவே முடியவில்லை. மூலக்கூறு ஹைட்ரஜனோடு மட்டும் அது நேர்கோட்டில் சென்றது. இரண்டு மடங்கு மூலக்கூறு வாயு, இரண்டு மடங்கு நட்சத்திரம். இருக்கும் மூலக்கூறு வாயு இதே வேகத்தில் செலவானால் தீர்ந்துபோகச் சுமார் 200 கோடி ஆண்டு.

இதைச் சுருள் கேலக்ஸி ஒன்றின் உடம்பில் வைத்துப் பாருங்கள். நடுப்பகுதியிலும், அங்கிருந்து சுருண்டு நீளும் கைகளின் உட்பகுதியிலும் மூலக்கூறு வாயு. வெளியே போகப் போக அணு ஹைட்ரஜன். நட்சத்திரங்களின் ஒளி முடிந்துபோன இடத்துக்கு அப்பாலும் அணு ஹைட்ரஜன் வட்டு நீண்டுகொண்டே போகும். அந்த வெளிவட்டில் வாயு ஏராளம், நிழல் இல்லை. நிழலுக்குத் தேவையான அளவு வாயு ஒரே இடத்தில் குவியவில்லை, தூசும் குறைவு. பால்வீதியின் வாயுவில் பெரும்பகுதி சும்மா இருப்பதாகத் தொடக்கத்தில் கேட்டேனே, அதற்கான முதல் பதில் இது. (வெளிவட்டில் நட்சத்திரமே பிறக்காது என்றும் சொல்லிவிட முடியாது. காலெக்ஸ் விண்வெளித் தொலைநோக்கி எம் 83 கேலக்ஸியின் வெகு தூர விளிம்பில் இளம் நட்சத்திரக் கூட்டங்கள் புற ஊதா ஒளியில் திட்டுத் திட்டாக இருப்பதைக் காட்டியது.)

கைகளின் அமைப்பையும் ஒரு நிமிடம் பார்த்துவிடலாம். எம் 51 என்ற சுழல் கேலக்ஸியின் நல்ல படம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 1845-இல் அயர்லாந்தில் ரோஸ் பிரபு தன் பெரிய தொலைநோக்கியில் முதன்முதலாகச் சுருள் வடிவத்தைக் கண்டது இதில்தான். ஒவ்வொரு கையின் உள்விளிம்பிலும் கரிக்கோடு போட்டதுபோல் தூசுப் பட்டை ஓடும். அதை ஒட்டி வெளிப்பக்கம் இளஞ்சிவப்பு முடிச்சுகள்; அவை ஓரியன் போன்ற நெபுலாக்கள். அதற்கும் வெளியே நீல நட்சத்திரங்கள். வாயு கையை நெருங்கும்போது நெரிந்து அடர்கிறது, நிழல் கூடுகிறது, குளிர்கிறது. கொஞ்ச தூரம் போவதற்குள் நட்சத்திரங்கள் பிறந்து தங்கள் மேகத்தையே எரிக்கின்றன. கரி, சிவப்பு, நீலம் என்ற அந்த வரிசை உண்மையில் காலத்தின் வரிசை.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும். 'மூலக்கூறுதான் நட்சத்திரத்தின் எரிபொருள்' என்று பல கட்டுரைகளில் எழுதுகிறார்கள். மூலக்கூறு இருக்கும் இடத்தில் நட்சத்திரம் பிறக்கிறது என்பது அளந்து கண்ட உண்மை. ஆனால் மூலக்கூறால்தான் பிறக்கிறது என்பது வேறு கூற்று. சைமன் குளோவரும் பால் கிளார்க்கும் 2012-இல் கணினிக்குள் மேகங்களை உருவாக்கிப் பார்த்தார்கள். மூலக்கூறு உருவாவதையே தடுத்துவிட்டு, தூசின் நிழலை மட்டும் விட்டுவைத்தாலும் மேகம் குளிர்ந்து சரிந்தது. கார்பன் அயனியே போதுமான அளவு வெப்பத்தை வெளியே தள்ளியது. நிழலை எடுத்துவிட்டால்தான் காரியம் கெட்டது. ஈரமான நிலத்தில் புல்லும் முளைக்கிறது, தவளையும் வாழ்கிறது. புல்லால் தவளை வந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இரண்டுக்கும் காரணம் ஈரம். அதுபோல மூலக்கூறுக்கும் நட்சத்திரத்துக்கும் பொதுவான காரணம் நிழலும் குளிர்ச்சியும் என்பதே சரியான பார்வை என்று நான் நம்புகிறேன்.

மூலக்கூறு மேகமாக இருந்தாலும் போதாது என்பதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. கலிஃபோர்னியா மேகம் என்று ஒன்று உண்டு. எடை சுமார் ஒரு லட்சம் சூரியன். ஓரியன் ஏ என்ற மேகத்தின் எடையும் ஏறக்குறைய அதே. ஆனால் கலிஃபோர்னியா மேகத்தில் நட்சத்திரங்கள் பிறப்பது ஓரியனில் பிறப்பதில் சுமார் பத்தில் ஒரு பங்குதான். காரணம், கலிஃபோர்னியா மேகத்தில் மிக அடர்ந்த பகுதி குறைவு. 2004-இல் யூ காவும் பிலிப் சாலமனும் கார்பன் மோனாக்சைடுக்குப் பதிலாக, கன சென்டிமீட்டருக்குப் பல பத்தாயிரம் துகள்கள் என்று அடர்ந்த வாயுவில் மட்டுமே பலமாக ஒளிரும் ஹைட்ரஜன் சயனைடை 65 கேலக்ஸிகளில் அளந்தபோது, நட்சத்திரப் பிறப்போடு அது இன்னும் கச்சிதமாகப் பொருந்தியது. அதுவும் எல்லா இடத்திலும் செல்லாது. பால்வீதியின் மையத்தில் கோடிக்கணக்கான சூரியன் எடையுள்ள அடர்ந்த மூலக்கூறு வாயு இருக்கிறது. இந்தக் கணக்குகளின்படி எதிர்பார்ப்பதில் சுமார் பத்தில் ஒரு பங்கு நட்சத்திரமே அங்கே பிறக்கிறது. அங்குள்ள வாயு கடுமையாகக் கொந்தளிக்கிறது என்பது ஒரு முக்கியக் காரணம். கொந்தளிப்பும் அழுத்தத்தைப் போலவே சரிவைத் தடுக்கும்.

இனி அந்த எட்டு அணுக்களுக்குத் திரும்புவோம். அந்த எட்டு எல்லா இடத்திலும் எட்டாக இருப்பதில்லை. சுருள் கேலக்ஸிகளில் நடுவே உலோகம் அதிகம், விளிம்பில் குறைவு. எம் 101 கேலக்ஸியில் மையத்துக்கும் வெளிவிளிம்புக்கும் இடையே ஆக்சிஜன் அளவு பத்து மடங்குக்கும் மேல் குறைகிறது. நடுப்பகுதியில் பல தலைமுறை நட்சத்திரங்கள் பிறந்து இறந்துவிட்டன. அவற்றின் சாம்பல் வாயுவில் சேர்ந்துவிட்டது. விளிம்பில் அவ்வளவு நடக்கவில்லை.

இதைக் கண்டுபிடித்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். 1942-இல் லாரன்ஸ் ஆலர், எம் 33 கேலக்ஸியின் நெபுலாக்களில் ஆக்சிஜனின் பச்சை ஒளிக்கோடு வெளியே போகப் போகப் பலமாவதைக் கவனித்தார். ஒளி பலமானால் ஆக்சிஜன் அதிகம் என்றுதானே நினைப்போம்? 1971-இல் லியோனார்ட் சியர்ல் அதற்கு நேர்மாறான விளக்கம் தந்தார். நெபுலாவையும் குளிர்விப்பது ஆக்சிஜன் போன்ற உலோகங்கள்தான். அவை குறைவாக இருந்தால் நெபுலா சூடாகவே இருக்கும். சூடான வாயுவில் மோதல்கள் வேகமாக நடப்பதால், இருக்கும் கொஞ்ச ஆக்சிஜனும் அந்தப் பச்சை ஒளியை அதிகமாக வெளிவிடும். ஆள் குறைவு, ஆனால் ஒவ்வொருவரும் ஓயாமல் கத்துகிறார்கள். அதனால் சத்தம் கூடுதலாகக் கேட்கிறது.

முன்பு சொன்ன கண்ணியும் இங்கேதான் இருக்கிறது. உலோகம் குறைந்தால் தூசும் குறையும், நிழலும் குறையும். ஹைட்ரஜன் மூலக்கூறு தன்னைத் தானே ஓரளவு காத்துக்கொள்ளும். வெளியே உள்ள மூலக்கூறுகள் புற ஊதாக் கதிரை வாங்கி உடைந்து, உள்ளே உள்ளவற்றைக் காப்பாற்றும். கார்பன் மோனாக்சைடு எண்ணிக்கையில் குறைவு என்பதால் அப்படிக் காக்க முடியாது, உடைந்துவிடும். எனவே உலோகம் குறைந்த இடத்தில், ஹைட்ரஜன் மூலக்கூறு இருந்தும் அதைக் காட்டிக்கொடுக்கும் கார்பன் மோனாக்சைடு இல்லாமல் போகும். நம் பக்கத்துச் சிறிய மெகல்லானிக் மேகத்தில் உலோகம் சூரியனில் உள்ளதில் ஐந்தில் ஒரு பங்கு. அங்கே நட்சத்திரங்கள் நன்றாகவே பிறக்கின்றன; கார்பன் மோனாக்சைடு ஒளியோ மிகவும் மங்கல். அதை மட்டும் நம்பிக் கணக்குப் போட்டால், வாயுவே இல்லாமல் நட்சத்திரம் பிறக்கிறது என்ற முடிவுக்கு வந்துவிடுவோம். சுருள் கேலக்ஸிகளின் விளிம்புகளிலும் இதே எச்சரிக்கை வேண்டும்.

கடைசியாக ஒரு கணக்கு. மூலக்கூறு வாயு 200 கோடி ஆண்டில் தீர்ந்துவிடும் என்றேன். பால்வீதியின் வயதோ ஆயிரம் கோடி ஆண்டுக்கும் மேல். இன்னும் நட்சத்திரம் பிறக்கிறது என்றால், புது வாயு வெளியிலிருந்து வந்துகொண்டே இருக்க வேண்டும். அப்படி வராமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. புனேக்கு வடக்கே நாராயண்காவ் அருகில் 45 மீட்டர் அகலமுள்ள 30 ஆன்டெனாக்களுடன் இருக்கும் ராட்சத ரேடியோ தொலைநோக்கியில், ஆதித்ய சௌத்ரி, நிஸ்ஸிம் கனேகர் குழுவினர் 800 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கேலக்ஸிகளின் அணு ஹைட்ரஜனை அளந்தார்கள். தனித்தனியாகப் பார்க்க முடியாத அளவுக்கு மெல்லிய அலை என்பதால், 7,653 கேலக்ஸிகளின் அலைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிச் சேர்த்தார்கள். முடிவு 2020-இல் வெளியானது. அந்தக் கேலக்ஸிகள் நட்சத்திரங்களைப் பெற்றெடுத்த வேகத்துக்கு, கையில் இருந்த அணு வாயு 100 முதல் 200 கோடி ஆண்டுக்குத்தான் தாங்கும். அந்தக் காலத்துக்குப் பிறகு பிரபஞ்சம் முழுவதும் நட்சத்திரப் பிறப்பு சரிந்துகொண்டே வந்திருக்கிறது. செலவுக்கு ஈடாக வரவு இல்லை என்பது இந்த அளவீட்டிலிருந்து கிடைக்கும் நேரான விளக்கம்.

நம் பால்வீதிக்கு இன்னும் வரவு இருக்கிறது. ஸ்மித் மேகம் என்று ஒன்று நம் வட்டை நோக்கி விழுந்துகொண்டிருக்கிறது. டச்சு நாட்டில் படித்துக்கொண்டிருந்த கெயில் ஸ்மித் 1963-இல் 21 சென்டிமீட்டர் அலையில் அதைக் கண்டார். நீளம் சுமார் 11,000 ஒளியாண்டு, அகலம் 2,500. குறைந்தது பத்து லட்சம் சூரியன் எடை. இன்னும் சுமார் 3 கோடி ஆண்டில் வட்டோடு மோதும். இது கேலக்ஸிகளுக்கு இடையே கிடந்த, எந்த நட்சத்திரமும் தொடாத ஆதி வாயுவா, அல்லது எப்போதோ நம்மிடமிருந்து கிளம்பிப் போனதா? அதைச் சொல்ல வேண்டியது அதில் கலந்திருக்கும் உலோகம். ஹபிள் தொலைநோக்கியைக் கொண்டு, மேகத்துக்கு வெகு பின்னால் பிரகாசிக்கும் மூன்று கேலக்ஸி மையங்களின் ஒளி மேகத்தைக் கடந்துவரும்போது எவ்வளவு விழுங்கப்படுகிறது என்று பார்த்தார்கள். 2016-இல் வந்த விடை: மேகத்தில் கந்தகம் இருக்கிறது, அதுவும் சூரியனில் உள்ளதில் சுமார் பாதி அளவுக்கு. ஆதி வாயுவில் கந்தகம் இருக்க வழியில்லை. பால்வீதியின் வெளிவட்டில் உள்ள வாயுவின் கந்தக அளவோடு அது ஒத்துப்போகிறது. நம் வட்டில் என்றோ வாழ்ந்து முடிந்த நட்சத்திரங்களின் சாம்பல், போன வழியே திரும்பி வந்துகொண்டிருக்கிறது.